தளத்தில் நிற்பவரை அங்கே நிறுத்தியது யார்?

(கணித, உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்கு ஆசிரியர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் ஒரே அரங்கில் அமர்வது நம்மிடையே அபூர்வம். இருவருக்கும் பொதுவாக ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டபோது எனக்கு பேஸ்பால்தான் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் ஓர் ஆட்டக்காரரை எண்களைக் கொண்டு எப்படி மதிப்பிடுவது என்று நூறாண்டுகளுக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கும் விளையாட்டு அது. அந்த வாதங்களில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். தளங்களில் தன் அணியினர் நிற்கும்போது மட்டை பிடிக்க வருபவர் நன்றாக ஆடினாரா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது?

விளையாட்டை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். சாப்ட்பால் பயிற்சி தரும் உடற்கல்வி ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள். மட்டையாளர் நிற்கும் மூலை ஹோம். அங்கிருந்து முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களைத் தொட்டு மீண்டும் ஹோம் வந்தால் ஓர் ஓட்டம். கிரிக்கெட்டில் அடித்தவரே ஓடி, அவர் கணக்கிலேயே ஓட்டம் சேரும். இங்கே அப்படி இல்லை. ஒருவர் அடித்து முதல் தளத்தில் நிற்பார். அடுத்து வருபவர் அடிக்கும்போது முன்னவர் நகர்வார். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. தளங்களில் எத்தனை பேர் காத்திருந்தாலும் அவர்கள் அப்படியே திரும்ப வேண்டியதுதான். பந்தெறிபவர் நான்கு தவறான பந்துகளை வீசினால் மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இதை இலவச நடை என்று வைத்துக்கொள்வோம்.

ஆக, பேஸ்பாலில் பெரும்பாலான ஓட்டங்கள் கூட்டு முயற்சி. ஒருவர் தளத்தில் சேர்கிறார், ஒருவர் நகர்த்துகிறார், ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பெயர் மட்டும் கடைசி ஆளுக்கு.

ஆர்பிஐ என்னும் கணக்கு

இந்த விளையாட்டின் புள்ளிவிவரப் பதிவுக்கு முன்னோடி ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இதழாளர். கிரிக்கெட் செய்திகளும் எழுதியவர். கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் எண்கள் வழியாக உள்ள உறவில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

தளங்களில் இருப்பவர்களைக் கொண்டுவருபவருக்கான கணக்கு 1920இல் அதிகாரப்பூர்வமானது. அதன் பெயர் ஆர்பிஐ. நம் ரூபாய் நோட்டில் இருக்கும் ஆர்பிஐ வேறு, இது வேறு. மட்டையாளர் அடித்ததன் விளைவாக எத்தனை பேர் ஓட்டம் எடுத்தார்கள் என்பதே இந்த எண். ஹோம் ரன் அடித்தால் அடித்தவரையும் சேர்த்து எண்ணுவார்கள். ஒரே பருவத்தில் மிக அதிக ஆர்பிஐ எடுத்தவர் சிகாகோ கப்ஸ் அணியின் ஹேக் வில்சன், 1930இல். நெடுங்காலம் 190 என்றிருந்த அவரது எண்ணை, விடுபட்ட ஒன்றைக் கண்டுபிடித்து 1999இல் 191 என்று திருத்தினார்கள். அறுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஒன்றே ஒன்றைத் திருத்தும் அளவுக்கு இந்த எண்ணை மதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எண்ணில் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த எண் எதை அளக்கிறது என்ற கேள்விதான் தாமதமாக வந்தது.

115உம் 114உம்

1990ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். சான் டியாகோ பாட்ரெஸ் அணியின் ஜோ கார்ட்டர் 115 ஆர்பிஐ எடுத்தார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பாரி பாண்ட்ஸ் 114 எடுத்தார். இந்த ஒரு வரியை மட்டும் படிப்பவர், இருவரும் ஏறக்குறைய சமம், கார்ட்டர் ஒரு படி மேல் என்று சொல்வார்.

இப்போது மற்ற எண்களைப் பலகையில் எழுதுவோம். கார்ட்டர் 634 மட்டை வாய்ப்புகளில் 147 முறை வெற்றிகரமாக அடித்தார். சராசரி 0.232. பாண்ட்ஸ் 519 வாய்ப்புகளில் 156 முறை அடித்தார். சராசரி 0.301. இலவச நடையையும் சேர்த்து, மட்டை பிடிக்க வந்தவர் தளம் சேர்ந்த விகிதம் கார்ட்டருக்கு 0.290, பாண்ட்ஸுக்கு 0.406. 634இலிருந்து 147ஐக் கழித்தால் 487. 519இலிருந்து 156ஐக் கழித்தால் 363. அதாவது ஏறக்குறைய ஒரே ஆர்பிஐ எண்ணை எட்ட, கார்ட்டர் 124 முறை கூடுதலாக அடிக்கத் தவறியிருக்கிறார். மூன்று அவுட்டுக்கு ஒரு முறை முடிந்துவிடும் விளையாட்டில் இது பெரிய செலவு.

இன்னொரு கழித்தல். ஹோம் ரன்னில் தன்னைத்தானே கொண்டுவந்ததை நீக்கிவிடுவோம். கார்ட்டருக்கு 24 ஹோம் ரன், பாண்ட்ஸுக்கு 33. எனவே மற்றவர்களைக் கொண்டுவந்தது கார்ட்டர் 91, பாண்ட்ஸ் 81. இங்கே கார்ட்டர் முந்துகிறார். எப்படி?

அவருக்கு முன்னால் மட்டை பிடித்தவர்களைப் பாருங்கள். பிப் ராபர்ட்ஸ் அந்த ஆண்டு 0.309 சராசரி. டோனி க்வின் 0.309. க்வின் தன் வாழ்நாளில் எட்டு முறை தேசிய லீகின் சராசரிப் பட்டம் வென்றவர். அவர்களோடு ராபர்ட்டோ அலோமார். க்வின், அலோமார் இருவரும் பின்னாளில் பேஸ்பாலின் பெருமைமிகு அரங்கில் இடம்பெற்றவர்கள். இப்படிப்பட்டவர்கள் தளங்களில் சேர்ந்துகொண்டே இருக்க, நான்காவதாக வந்து நின்றவர் கார்ட்டர். பந்தி பரிமாறி முடித்த இலையில் உட்கார்ந்தவரின் நிலை அது.

கார்ட்டரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. அந்தப் பருவத்தின் 162 ஆட்டங்களிலும் அவர் களம் இறங்கினார். ஒரு நாள் விடாமல் பணிக்கு வருவதும் மதிப்புள்ளதுதான் என்பது ஆசிரியர்களான நமக்குத் தெரியும். ஆனால் 115 என்ற எண் அவருடைய திறமையையும் அவருக்கு முன்னால் ஆடியவர்களின் திறமையையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டது. குடித்துப் பார்த்து எது யாருடையது என்று சொல்ல முடியாது.

வாய்ப்பு குறைவதற்கு இன்னொரு வழியும் உண்டு. பந்தெறியும் அணி பயந்துவிட்டால், வேண்டுமென்றே மட்டையாளரை இலவச நடையில் அனுப்பிவிடும். 1998 மே 28 அன்று நடந்த ஆட்டத்தில் இதன் உச்சத்தைப் பார்த்தார்கள். அரிசோனா அணி 8-6 என்று முன்னிலை. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று தளங்களிலும் ஆள். வந்தவர் அப்போது சான் பிரான்சிஸ்கோ அணிக்கு ஆடிய பாண்ட்ஸ். அவரை அடிக்க விடுவதைவிட ஓர் ஓட்டத்தைச் சும்மா கொடுத்துவிடலாம் என்று அரிசோனா மேலாளர் பக் ஷோவால்ட்டர் முடிவு செய்தார். வேண்டுமென்றே நடக்க விட்டார்கள். 8-7 ஆனது. அடுத்தவர் அவுட். அரிசோனா வென்றது. பாண்ட்ஸ் கணக்கில் ஓர் ஆர்பிஐ ஏறியது, மட்டையை வீசாமலேயே! அவரிடமிருந்த அச்சம் அந்த ஓர் எண்ணில் எங்காவது தெரிகிறதா?

வந்தபோது என்ன, போகும்போது என்ன

சரி, ஆர்பிஐ போதாது என்றால் எதை வைப்பது? இதற்கு அழகான விடை ஒன்றைக் கொடுத்தவர் ஜார்ஜ் லிண்ட்சே. கனடாவின் பாதுகாப்புத் துறை ஆய்வாளர். அவரும் ஓய்வுபெற்ற அவருடைய தந்தையும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கையால் குறித்துச் சேர்த்தார்கள். 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஓர் அட்டவணை வந்தது.

தளங்களில் ஆள் இருப்பதும் இல்லாததுமாக 8 நிலைகள். அவுட் எண்ணிக்கை 0, 1, 2 என்று மூன்று. 8 பெருக்கல் 3, மொத்தம் 24 நிலைகள். ஒவ்வொரு நிலையிலிருந்தும் அந்த முறை முடியும்வரை சராசரியாக எத்தனை ஓட்டம் வந்தது என்று அவர் கணக்கிட்டார். நம் மேல்நிலைப் பாடநூலில் வரும் கணித எதிர்பார்ப்பு இதுதான். பகடையும் நாணயமும் இல்லாத ஓர் எடுத்துக்காட்டு.

அந்த அட்டவணையிலிருந்து சில எண்கள். யாரும் தளத்தில் இல்லை, அவுட்டும் இல்லை என்றால் 0.46 ஓட்டம் எதிர்பார்க்கலாம். இரண்டாம் தளத்தில் ஒருவர், அவுட் இல்லை என்றால் 1.19. இந்த இரண்டாவது நிலையில் நம் மட்டையாளர் வருகிறார். நான்கு விளைவுகளைப் பார்ப்போம்.

ஒன்று, அவர் அடித்து, முன்னவர் ஓட்டம் எடுக்க, இவர் முதல் தளத்தில் நிற்கிறார். கையில் வந்த ஓட்டம் 1. முதல் தளத்தில் ஆள், அவுட் இல்லை என்ற நிலையின் மதிப்பு 0.81. கூட்டினால் 1.81. வந்தபோது இருந்த 1.19ஐக் கழித்தால் 0.62 கூடுதல். இவருக்கு ஓர் ஆர்பிஐ.

இரண்டு, அவர் இலவச நடை பெறுகிறார். முதல், இரண்டாம் தளங்களில் ஆள். மதிப்பு 1.47. கூடுதல் 0.28. ஆர்பிஐ சுழியம். ஆனாலும் அணிக்கு நன்மை செய்திருக்கிறார்.

மூன்று, அவர் அவுட் ஆகிறார், ஆனால் அவர் அடித்த பந்தின் திசையால் முன்னவர் மூன்றாம் தளம் சேர்கிறார். மதிப்பு 0.98. இழப்பு 0.21. தியாகம் என்று கைதட்டுவார்கள். அட்டவணை அதைச் சிறு இழப்பு என்கிறது.

நான்கு, பந்தைத் தொடாமலேயே அவுட். முன்னவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். மதிப்பு 0.67. இழப்பு 0.52. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள வேறுபாடு 0.31. ஆகவே ஆளை நகர்த்திவிட்டு அவுட் ஆனவருக்கும் ஒரு மதிப்பு உண்டு, கைதட்டிய அளவுக்கு இல்லை என்றாலும்.

இப்போது ஒரு வியப்பு. மூன்றாம் தளத்தில் ஆள், அவுட் இல்லை. மதிப்பு 1.39. மட்டையாளர் தரையோடு அடித்து அவுட் ஆகிறார், முன்னவர் ஓட்டம் எடுத்துவிடுகிறார். வந்த ஓட்டம் 1, மிச்ச நிலையின் மதிப்பு 0.24. கூட்டினால் 1.24. அதாவது 0.15 இழப்பு. பதிவேட்டில் ஓர் ஆர்பிஐ ஏறுகிறது. ஆனால் அந்த இடத்தில் சராசரியாகக் கிடைத்திருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே கிடைத்திருக்கிறது.

ஒருவர் வந்தபோது நிலைமை என்ன, அவர் போகும்போது நிலைமை என்ன, இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு? இந்த வேறுபாடுகளைப் பருவம் முழுதும் கூட்டினால் அதுவே நியாயமான மதிப்பீடு. நல்ல இடத்தில் வந்து நின்றதற்காக மட்டும் யாருக்கும் மதிப்பெண் கிடைக்காது. காலியான தளங்களோடு வந்தவரும் தண்டிக்கப்பட மாட்டார். 11ஆம் வகுப்பில் இதை ஒரு பாடவேளையில் செய்து காட்டலாம். கழித்தல் தெரிந்தால் போதும்.

நெருக்கடியில் கைகொடுப்பவர்

இனி இரண்டாவது சிக்கல். "தளத்தில் ஆள் இருந்தால் இவர் வேறு மனிதர்" என்று சிலரைப் புகழ்வார்கள். "ஆள் நின்றால் இவருக்குக் கை நடுங்கும்" என்று சிலரை ஒதுக்குவார்கள். ஆதாரமாக, இரண்டாம் அல்லது மூன்றாம் தளத்தில் ஆள் இருந்தபோது அவர் எடுத்த சராசரியைக் காட்டுவார்கள்.

முதலில் ஒன்று. ஆள் இருக்கும்போது மட்டையாளர்களின் சராசரி பொதுவாகவே சற்று உயரும். முதல் தளத்தில் ஆள் நின்றால் அங்குள்ள தடுப்பாளர் தளத்தை ஒட்டியே நிற்க வேண்டும், பக்கத்தில் இடைவெளி விழும். தளங்களில் ஆள் சேர விட்ட பந்தெறிபவர் அன்று சோர்ந்தவராகவும் இருக்கலாம். ஆகவே ஒருவரின் சொந்தச் சராசரியோடு மட்டும் ஒப்பிட்டு, இவர் நெருக்கடியில் உயர்கிறார் என்று சொல்லிவிட முடியாது. அதே நிலையில் மற்றவர்களும் உயர்கிறார்கள்.

இரண்டாவது, எண்ணிக்கை. 0.270 திறனுள்ள ஒருவருக்கு ஒரு பருவத்தில் இப்படி 150 வாய்ப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். ஈருறுப்புப் பரவலின்படி எதிர்பார்ப்பு 40.5 வெற்றி. திட்ட விலக்கம் ஏறத்தாழ 5.4. அதாவது திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே 35 வெற்றியும் வரலாம், 46 வெற்றியும் வரலாம். முன்னதன் சராசரி 0.233, பின்னதன் சராசரி 0.307. ஒருவரை மேதை என்போம், மற்றவரைக் கோழை என்போம். இருவரும் ஒரே ஆள்!

மாணவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பையில் 27 சிவப்பு மணிகள், 73 வெள்ளை மணிகள். பார்க்காமல் எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட வேண்டும். ஐவர் கொண்ட குழு, ஆளுக்கு 30 முறை. ஒவ்வொரு குழுவும் எத்தனை சிவப்பு எடுத்தது என்று பலகையில் எழுதுங்கள். பைக்கு நெருக்கடியும் தெரியாது, துணிவும் தெரியாது. ஆனாலும் ஒரு குழு வீரமாக ஆடியதுபோலவும் இன்னொன்று சொதப்பியதுபோலவும் எண்கள் வரும்.

1977இல் டிக் கிராமர் என்ற ஆய்வாளர், 1969இல் நெருக்கடி நேரத்தில் சிறந்தவர்களாகத் தெரிந்தவர்கள் 1970இலும் அப்படியே இருந்தார்களா என்று பார்த்தார். தொடர்பு ஒன்றும் தென்படவில்லை. அப்படி ஒரு திறமையே கிடையாது என்று பலர் முடிவு கட்டினார்கள். 2004இல் பில் ஜேம்ஸ் என்னும் பெயர்பெற்ற பேஸ்பால் எழுத்தாளர் இதற்கு ஓர் எச்சரிக்கை சொன்னார். பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை என்றால் அங்கே ஆளே இல்லை என்று பொருளாகாது, இவ்வளவு குறைந்த தரவில் இருப்பதும் மறைந்துபோகும் என்றார். பின்னர் அதிகத் தரவோடு ஆராய்ந்த டாங்கோ, லிக்ட்மன், டால்ஃபின் ஆகியோர், இத்திறன் இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகச் சிறியது என்ற முடிவுக்கு வந்தார்கள். "உண்டு", "இல்லை" என்ற இரு விடைகளுக்கு நடுவே "இருக்கலாம், ஆனால் இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது" என்ற மூன்றாவது விடை ஒன்று இருப்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே அடியில் ஒரு பெயர்

கார்ட்டரிடம் திரும்புவோம். 1993 அக்டோபர் 23. உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். அவர் அப்போது டொரன்டோ புளூ ஜேஸ் அணியில். பிலடெல்பியா 6-5 என முன்னிலை. கடைசி இன்னிங்ஸ், ஒருவர் அவுட். இலவச நடையில் தளம் சேர்ந்த ரிக்கி ஹெண்டர்சன் இரண்டாம் தளத்தில். அடித்து வந்த பால் மொலிட்டர் முதல் தளத்தில். கார்ட்டர் ஹோம் ரன் அடித்தார். 8-6. தொடர் அந்த அடியோடு முடிந்தது. அதற்கு முன் ஹோம் ரன்னால் உலகத் தொடரை முடித்தவர் 1960இல் பில் மஸரோஸ்கி ஒருவர்தான்.

அந்த அடியின் பெருமையை எந்த அட்டவணையும் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. நடந்தது நடந்தது. ஆனால் ஹெண்டர்சன் பொறுமையாக நான்கு பந்துகளை விட்டதும், மொலிட்டர் அடித்ததும் இல்லாமல் இருந்திருந்தால் அதே அடி 6-6 என்ற சமநிலையோடு நின்றிருக்கும். ஓர் ஆட்டக்காரர் என்ன செய்தார் என்பது ஒரு கேள்வி. அவர் எப்படிப்பட்டவர், நாளை என்ன செய்வார் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஓர் அடி போதும். இரண்டாவதற்கு ஆயிரம் அடிகளும் சில நேரம் போதாது.

நம் பதிவேடுகள்

நம் பள்ளிகளிலும் ஆர்பிஐ கணக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு வரும் நாளில் பத்தாம் வகுப்பு ஆசிரியரின் பெயர் வருகிறது. அந்தப் பிள்ளையைத் தொடக்க வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழக்கியவரும், ஐந்தாம் வகுப்பில் வகுத்தலைப் புரியவைத்தவரும் அந்தப் பதிவில் இல்லை. அவர்கள்தான் பிள்ளையைத் தளத்தில் நிறுத்தியவர்கள். அதேபோல், காலியான தளங்களோடு ஒரு வகுப்பைப் பெற்றுக்கொண்டு, வாசிக்கவே தடுமாறிய பிள்ளைகளைப் பாதி வழி கொண்டுவந்த ஆசிரியரின் உழைப்பும் விழுக்காட்டில் தெரியாது. ஜூன் மாதத்தில் நிலைமை என்ன, ஏப்ரலில் நிலைமை என்ன என்று கேட்டால் மட்டுமே தெரியும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இரண்டு தேர்வுகளைப் பார்த்துவிட்டு "வகுப்பில் நன்றாகச் சொல்வான், பரீட்சை என்றால் சொதப்பிவிடுவான்" என்று பெற்றோரிடம் சொல்லிவிடுகிறோம். நூற்றைம்பது வாய்ப்பிலேயே ஒரு மனிதரின் துணிவை அளக்க முடியவில்லை என்று பார்த்தோம். இரண்டு தேர்வு எம்மாத்திரம்? அந்தச் சொல்லை பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. மணிப் பைக்குக் காது கிடையாது, பிள்ளைக்கு உண்டு.

ஆகவே மதிப்பிடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இவருக்குக் கிடைத்த வாய்ப்பு எவ்வளவு? அதே நிலையில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? நான் சொல்லப்போகும் முடிவைத் தாங்கும் அளவுக்கு என்னிடம் எண்ணிக்கை இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்பது விடையானால், நடந்ததை மட்டும் பதிவேட்டில் எழுதுவோம். பிள்ளையின் குணத்தைப் பற்றி எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விடுவோம்.